சென்னையில் இலவசம், குடியாத்தத்தில் 195 காயின்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊரில் நடந்து திரிந்து, போகிமான் எனும் கற்பனைப் பிராணிகளைச் செல்போனில் பிடிக்கும் போகிமான் கோ விளையாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஆடுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். காசு போட்டு ஆடுபவன் குறுக்கு வழியில் போகிறான் என்கிறது ஒரு கட்சி. காசு போடாதவன் ஓசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்கிறது இன்னொன்று. எங்கள் வேலூர் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தச் சண்டை அடிக்கடி மூள்கிறது. பல வருடமாகக் காசு போடாமல் ஆடிவரும் குடியாத்தத்துக்காரன் நான். இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தைப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஒருவர் காசு போட வேண்டிவருமா வராதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அவர் இருக்கும் ஊர்தான்.

ரெய்டையே எடுத்துக்கொள்ளுங்கள்; பலர் சேர்ந்து ஒரு பலசாலிப் போகிமானை வீழ்த்திப் பிடிக்கும் சண்டை அது. விளையாட்டின் வரைபடத்தில் ரெய்டு நடக்கும் இடமாகக் குறித்திருக்கும் ஜிம்முக்குப் போய், திரையில் அதைச் சுழற்றினால் ஒரு நாளைக்கு ஒரு ரெய்டு பாஸ், அதாவது நுழைவுச் சீட்டு, இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கடினமான ஐந்து நட்சத்திர ரெய்டில் வரும் அரிய போகிமானைத் தனியாளாக வீழ்த்துவது பெரும்பாலும் நடக்காது. நன்றாக வளர்த்து வைத்திருப்பவர்கள் என்றால் இரண்டு மூன்று பேர், புதியவர்கள் என்றால் ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஜிம்மின் மேல் தெரியும் முட்டை உடைந்து ரெய்டு தொடங்கிய பிறகு முக்கால் மணி நேரம்தான் கெடு. சென்னையில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை; அந்த இலவச பாஸை வைத்துக்கொண்டே ஒரு கல்லூரி மாணவர் தாராளமாகக் காலம் தள்ளலாம். வேலூரில்கூட புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, நிறைய ஜிம்களில் ரெய்டு வரும் ரெய்டு ஹவர் நேரத்தில், கோட்டைப் பக்கம் ஆள் கிடைப்பார்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வங்காளக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலரும் வந்து சேர்ந்துகொள்வதுண்டு. அவர்கள் பேச்சு நமக்குப் புரியாது, நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. ஆனால் எந்தப் போகிமானை எதிர்த்து எதை இறக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே புதன்கிழமை, அதே நேரம், குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் அதே ரெய்டு ஓடும். ஆள்தான் இருக்காது. இலவச பாஸ் கையில் இருந்து என்ன பயன்? பஸ் ஏறி வேலூர் போகலாம், ஆனால் டிக்கெட்டும் காசுதானே.

மிச்சமிருப்பது ரிமோட் பாஸ். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது அது. வீட்டில் இருந்தபடியே வேறு ஊர் ரெய்டில் சேர முடிந்தபோது எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்குத்தான் உண்மையில் கதவு திறந்தது. 2023 ஏப்ரலில் அதன் விலையை 100 காயினிலிருந்து 195 ஆக்கினார்கள். காயின் என்பது விளையாட்டுக்குள் செல்லும் பணம்; காசு கொடுத்தும் வாங்கலாம், ஜிம்மில் போகிமானை நிறுத்தியும் சம்பாதிக்கலாம். காசு போடாதவர் ஜிம்மில் சம்பாதிக்கக்கூடியது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 காயின். அதாவது இரண்டு நாள் உழைப்பில் கிடைத்தது நான்கு நாள் உழைப்பாகிவிட்டது. உள்ளூரில் இலவச பாஸோடு நின்றுகொண்டு வெளியூர் நண்பர்களை அழைக்கலாமே என்பார்கள். அழைக்கலாம். ஆனால் அப்படி வருகிற ஒவ்வொருவரும் ஒரு ரிமோட் பாஸைச் செலவழித்துத்தான் வர வேண்டும். என்னிடம் இருக்கும் அரிய போகிமான்களில் பல அப்படி யாரோ காசு போட்டு வாங்கிய பாஸால் கிடைத்தவை. அதனால்தான் காசு போடுபவர்களைத் திட்டும்போது என்னால் சேர்ந்து திட்ட முடிவதில்லை.

அந்த 50 காயின் கணக்கும் சின்ன ஊருக்குப் பொருந்துவதில்லை. ஜிம்மில் நிறுத்திய போகிமான் பத்து நிமிடத்துக்கு ஒரு காயின் சேர்க்கும். எட்டு மணி நேரம் இருபது நிமிடத்தில் 50 நிறைந்துவிடும். ஆனால் எதிரணியில் ஆடும் யாராவது அதை அடித்துத் துரத்தி, அது நம்மிடம் திரும்பினால்தான் காயின் கைக்கு வரும். நகரத்தில் தினமும் அடித்துவிடுவார்கள். இங்கே நிறுத்தினால் கேட்பாரில்லாமல் பத்து நாள் நிற்கும். திரும்பி வரும்போது அதே 50தான், ஒரு காயின்கூடக் கூடாது. சில ஊர்களில் எதிரணிக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு மாலையில் ஒருவர் போகிமானை மற்றவர் அடித்து அனுப்பிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் எதிரணியில் ஒரு ஆளாவது ஊரில் இருக்க வேண்டுமே.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் வந்து இறங்குவார்கள். அன்று ஜிம்கள் ஒரு அணியிடமிருந்து இன்னொரு அணிக்குக் கைமாறி மணிக்கொரு நிறம் மாறும், ஐந்து நட்சத்திர ரெய்டு இலவச பாஸிலேயே முடியும். ஆடுகிறவன் நேற்று ஆடிய அதே ஆள். ஊரில் கூட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், ஓசி என்கிறவர்களுக்கு ஒன்று. இந்த விளையாட்டின் வரைபடம் எங்கிருந்து வந்தது? 2016 டிசம்பரில் ஜியோவோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தபோது ரிலையன்ஸ் கடைகள் சிலவற்றைப் போகிஸ்டாப்பாக, அதாவது ஆடுபவர்கள் பொருள் எடுத்துக்கொள்ளும் இடமாக, ஆக்கினார்கள், சரி. ஆனால் ஊர் ஊருக்கு இருக்கும் கோயில், சிலை, பூங்காக்களில் ஏராளமானவற்றை, முதலில் அதே நிறுவனத்தின் முந்தைய விளையாட்டான இன்கிரஸ் ஆடியவர்களும் பிறகு போகிமான் ஆடியவர்களும் படம் எடுத்து, விவரம் எழுதி, ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் சரிபார்த்துச் சேர்த்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடுபவர்கள் விருப்பப்பட்டு எடுத்து அனுப்பிய இடங்களின் ஸ்கேன்களும் தன் முப்பரிமாண வரைபட ஆராய்ச்சிக்கு உதவுவதாக, விளையாட்டை உருவாக்கிய நியான்டிக் நிறுவனமே 2024 நவம்பரில் சொன்னது. அடுத்த வருடம் போகிமான் கோ உள்ளிட்ட தன் விளையாட்டுகள் சிலவற்றை ஸ்கோப்லி என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு 350 கோடி டாலருக்கு விற்றது. காசு போடாதவர்களும் சேர்ந்து நடந்து, படம் பிடித்து, வளர்த்த சொத்து அது.

விளையாட்டில் பொருள் வைக்கும் பையைப் பெரிதாக்குவது, முட்டை பொரிக்கும் கூடுதல் இன்குபேட்டர், அலங்கார உடை இவற்றுக்கெல்லாம் காசு கேட்கட்டும். பொறுமை உள்ளவர் காத்திருப்பார், இல்லாதவர் வாங்குவார். அதில் எனக்கு வருத்தமில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஆடுவதற்கே ஒரு ஊர்க்காரருக்கு இலவசம், இன்னொரு ஊர்க்காரருக்கு விலை என்பதுதான் நியாயமாகப் படவில்லை. ஜிம்மில் நிற்கும் போகிமானுக்கு, அடிபட்டாலும் படாவிட்டாலும் அன்றன்றைக்கு உள்ள காயினைக் கொடுத்துவிடலாம். ஜிம்கள் குறைவாக உள்ள பகுதிகளுக்கு வாரத்தில் ஒரு ரிமோட் பாஸாவது இலவசமாகத் தரலாம். இரண்டும் செய்ய முடியாத காரியங்கள் அல்ல. இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி உங்கள் இதழில் எழுதும்போது குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு போன்ற ஊர்களில் ஆடும் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.