வண்டிக்கு அடியில் பார்க்க ஒரு பள்ளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் ஏறியது பற்றி உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதுவதைப் படித்துவருகிறேன். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால், அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு வண்டியில் எதைப் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் 31 வருஷம் வெல்டராக இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கரோஷன் வேலைதான், அதாவது துரு அரித்த இடத்தைச் சரிசெய்வது. ரயில் பெட்டி பி.ஓ.எச். என்கிற குறித்த காலப் பராமரிப்புக்கு வந்தால் முதலில் பெட்டியைத் தூக்கி, சக்கரங்கள் இருக்கும் போகியைத் தனியாக உருட்டிவிடுவார்கள். அதன்பிறகு கழிவறைக்குக் கீழே, வாசல் ஓரம், பெட்டியின் அடி ஓரத்தில் நீளமாக ஓடும் சோல்பார் என்று தண்ணீர் தங்குகிற இடங்களாகப் பார்த்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இரும்பு கணீர் என்று கேட்கும். துரு தின்ற இரும்பு பொத்தென்று கேட்கும். பொத்தென்று கேட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்போம். அதற்குப் பிறகுதான் பெயின்ட். இந்த வரிசையை மாற்ற எங்களில் யாருக்கும் கை வராது.

அப்படிப்பட்டவன் வீட்டு வண்டியிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுடையது சான்ட்ரோ. இங்கே பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, 2005 ஜனவரிப் பதிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இன்ஜினைச் சரிசெய்தோம், சீட்டைக் காயவைத்தோம், தரைப் பக்கம் யாரும் போகவில்லை. 2020 ஜனவரியில் 15 வருஷம் முடிந்தது, பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், அதாவது வண்டி ஓடத் தகுதியானதா என்ற ஆய்வு. அப்போது எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன். மைத்துனர்தான் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். “பிளாட்பாரத்துல லேசா துரு இருக்கு, அண்டர்கோட்டிங் அடிச்சா போதும்” என்று, அதாவது தரைத் தகட்டுக்கு அடியில் கறுப்புப் பூச்சு அடித்தால் போதும் என்று சொல்லி 6,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாம் நாள் வண்டி வந்தது. அடியெல்லாம் பழக்கிய தோசைக்கல் மாதிரி கறுப்பாக மின்னியது என்று மைத்துனர் சந்தோஷமாகச் சொன்னார். எஃப்.சி.யும் தடையில்லாமல் முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மறுபடியும் தண்ணீர். அதற்குப் பிறகு, மழை பெய்தால் போதும், பின் சீட்டில் இடது பக்கம் மிதியடி ஈரமாக இருக்கும். என் மனைவி அந்தப் பக்கம்தான் உட்காருவாள். “காலெல்லாம் ஜில்லுனு இருக்கு, ஏதோ நாத்தம் வேற வருது” என்று பலமுறை சொன்னாள். ஏ.சி. தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவள் சொன்ன அன்றே பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த புதுப்பிப்பு 2025 ஜனவரியில் என்பதால் 2024 நவம்பரில் ஓட்டேரியில் எனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் எதுவும் பேசாமல் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கீழே படுத்தார். “அண்ணே, நீங்களே வந்து பாருங்க.” நான் எட்டிப் பார்த்தபோது ஸ்க்ரூ டிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிருந்தது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடுகிறதே, டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள், அந்த இடம். கறுப்புப் பூச்சைச் சுரண்டினால், பள்ளத்தை நிரப்புகிற பட்டி. பட்டியைப் பெயர்த்தால் கண்ணாடியிழையில் செய்த ஃபைபர் பாய். அதற்கும் உள்ளே, பட்டி கீழே விழாமல் நிற்பதற்காகச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். மக்கிப்போன அந்தக் காகிதத்தை மெதுவாகப் பிரித்தேன். ஒரு ஜவுளிக்கடையின் பொங்கல் விளம்பரம் பாதி தெரிந்தது. ஐந்து வருஷமாக என் மனைவியும் பேத்தியும் காகிதத்தின் மேல் கால் வைத்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

சின்னக் கார்களில் தனியாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. தரைத் தகடு, ரன்னிங் போர்டு, கதவுத் தூண் எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. சீட் போல்ட்டும் சீட் பெல்ட்டின் பிடிப்பும் இந்தத் தகட்டில்தான் நிற்கின்றன. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் தாங்க வேண்டிய இடங்களில் ரன்னிங் போர்டும் ஒன்று. அங்கே பட்டியும் காகிதமும் என்ன செய்யும்?

துருவின் மேல் பூசுவதால் துரு நிற்காது. வெள்ளத்தில் வந்த சேறு உள்ளே தங்கித் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். நம் ஊர்க் கடல் காற்றின் உப்பும் அதோடு சேரும். மேலே கெட்டியாகப் பூசிவிட்டால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளிருந்தே தின்னும். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடம் பிடிப்பதால் பூச்சு பிறகு உப்பிக்கொண்டு வரும். அப்படி உப்பித் தெரியும்போது உள்ளே தகடே இருக்காது.

சரியான வேலை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டேரி டிங்கர் பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட், கார்ப்பெட், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் இறக்கினார். கிரைண்டரில் வெட்டும்போது ஓட்டையோடு நிறுத்தவில்லை. வெள்ளை இரும்பு தெரிகிற வரை, இரண்டு அங்குலம் தள்ளியே வெட்டினார். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வரும், பிடிப்பும் சரியாக இருக்காது என்று பூச்சில்லாத 18 கேஜ் சி.ஆர். தகடு வாங்கி வந்தோம். ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டு, கோ2 வெல்டிங்கில் மூடினார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சீலர், எப்பாக்ஸி பிரைமர், அதற்கு மேல் ரப்பர் கோட்டிங். ரன்னிங் போர்டின் உள்பக்கத்துக்கு மெழுகு ஸ்பிரே. வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிட்டார். ஆறு நாள், 22,000 ரூபாய்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் கண்டோம். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப், கிளிப் பிடித்திருந்த இடத்தில் அரித்துப் பொரிப்பொரியாக இருந்தது. அந்தக் குழாயின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மேலும் அந்தக் கறுப்பு மையை அடித்து மூடியிருந்தார்கள். உடனே மாற்றினோம். அந்தப் பைப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜனவரியில் வண்டியை ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு எடுத்துப்போனேன். ஆய்வாளர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். சேஸிஸ் நம்பரை, அதன் மேல் தாள் வைத்துத் தேய்த்து எடுத்த பென்சில் பிரிண்டோடு ஒப்பிட்டார். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் பார்த்தார். “சார், அடியிலயும் ஒரு தடவை பாருங்க” என்று நானே கேட்டேன். குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். மண் தரையில் நிற்கிற வண்டிக்கு அடியில் அவர் வேறென்ன செய்ய முடியும்? கறுப்பாகத் தெரிந்தது, சரி என்றார். 2020-லும் அதே கறுப்புதான் தெரிந்திருக்கும். காகிதம் திணித்த வண்டிக்கும் தகடு வைத்த வண்டிக்கும் அந்த மைதானத்தில் ஒரே மதிப்பெண்தான்.

காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2020-ல் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்ட்டிலிருந்து 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000. பழைய வண்டி ஆபத்து என்றுதானே ஏற்றுகிறார்கள்? அந்த ஆபத்து இருக்கிற இடத்தைப் பார்க்கவும் வழி செய்யட்டும். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் வந்து நின்றால், தண்டவாளத்துக்கு நடுவே பள்ளம் உள்ள பிட் லைனில் இறங்கி அடியைப் பார்க்கிறார்கள். அதுபோல ஒவ்வொரு ஆய்வு மைதானத்திலும் ஆள் நிமிர்ந்து நிற்கிற ஆழத்துக்கு சிமென்ட் பூசிய ஒரு பள்ளம், இரண்டு விளக்கு, ஒரு சின்னச் சுத்தியல். இவ்வளவு போதும். கூடவே, அடியில் புதிதாகப் பூசிக்கொண்டு வருகிற வண்டிக்கு, பூசுவதற்கு முன் வெறும் தகடாக எடுத்த போட்டோவைக் கேட்க வேண்டும். இப்போது எல்லா டிங்கர் கையிலும் செல்போன் இருக்கிறது. நேர்மையாக வேலை செய்கிறவருக்கு இது கஷ்டமே இல்லை.

வண்டி வைத்திருப்பவர்களும், கோட்டிங் அடிப்பதற்கு முன் ஒருமுறை நேரில் போய் நின்று தட்டச் சொல்லிக் கேளுங்கள்.

என் வண்டியில் வெட்டி எடுத்த ரன்னிங் போர்டுத் துண்டையும் அந்தப் பிரேக் பைப்பையும் ஒரு சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். போக்குவரத்துத் துறையில் யாராவது பார்க்க விரும்பினால் எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே வெல்டர்,
பெரம்பூர், சென்னை-11.