உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?

மார்த்தாண்டம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஐந்து மாதமாகப் பதில் போடாதது என் தப்புதான். வீட்டில் எல்லோரும் சுகம். மழையில் அம்மாவுக்கு முட்டுவலி கூடிவிட்டது, ரப்பர் வெட்டும் நின்று கிடக்கிறது. ஈத்தாமொழி மாமாவைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். நீ இன்னும் அதே பைக்கைத்தான் உருட்டுகிறாயா என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற அந்த விண்வெளித் தொடரில் வரும் டீல்க்கைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாயே, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன் என்று! அந்தக் கோபத்தில் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். 1997-இல் வந்த முதல் கதையிலேயே அவன் கட்சி மாறுவது உண்மை. தன்னைக் கடவுள் என்று சொல்லி ஆளும் அப்போஃபிஸின் படைத்தலைவன், நெற்றியில் பொன் முத்திரை, கைதிகளைக் கொல்லும் நேரத்தில் ஆயுதத்தைத் திருப்பிவிடுகிறான். ஆனால் அவன் அங்கே போய்ச் சேர்ந்ததே எதற்கு? தன் அப்பாவைக் கொன்ற குரோனஸ் என்ற இன்னொரு போலிக் கடவுளுக்கு அப்போஃபிஸ் எதிரி என்பதற்காக. பழிவாங்கப் போனவன் எத்தனை பிள்ளைகளைத் தகப்பனில்லாமல் ஆக்கினான்!

முதல் சீசனிலேயே அப்படி ஒரு பிள்ளை, ஹன்னோ, வளர்ந்து ஆளாகி எதிரில் வந்து நிற்கிறான். என் அப்பாவைக் கொன்றவன் இவன்தான் என்கிறான். அந்த ஊர் வழக்கப்படி பாதிக்கப்பட்டவனே நீதிபதி. மேலிடத்துக் கட்டளை, இவன் என்ன செய்வான் என்று டீல்க் இப்போது இருக்கும் குழுவின் தலைவன் ஓ'நீல் வாதாடுகிறான். டீல்க் அந்தச் சாக்கைத் தொடவே இல்லை. அன்று ஊர்க்காரர்களில் ஒருவனைக் கொல் என்று அப்போஃபிஸின் உத்தரவு. ஊர்க்காரர்கள் ஆபத்தில் ஓடும்போது யாரையும் விட்டுவிட்டு ஓடமாட்டார்கள். கால் முடியாத ஹன்னோவின் அப்பாவுக்காக எல்லோரும் மெதுவாக ஓடிச் செத்துவிடுவார்கள் என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். நியாயமான கணக்குதான். இருந்தும் செத்தவருடைய மகன் முன்னால் தலைகுனிந்து நிற்கிறான்.

அந்த இடத்தில் டிவியை அணைத்துவிட்டேன், மக்கா. உனக்குப் புரிந்திருக்கும்.

நாம் வேலை பார்த்த அண்டி ஆபீஸில், அந்த முந்திரிக்கொட்டை ஃபாக்டரியில், ஒரு ஆளைக் குறைக்கச் சொன்ன அன்று நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளி தந்த பணம் என் வாயைக் கட்டியிருந்தது. தொலி உரிப்பதில் மூத்தக்காதான் மெதுவு, மகனும் சம்பாதிக்கிறான் என்று கணக்குப் போட்டு அவர் பெயரைச் சொன்னேன். மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று பத்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் சந்தையில் அவரைப் பார்த்தேன். மரச்சீனிக்கிழங்கைக் கூறு கட்டி வைத்திருந்தார். காசு வாங்க நீட்டிய கையில் ஆள்காட்டி விரல் நகத்தோரம் பழைய அண்டிக் கறை இன்னும் கறுப்பாக இருப்பதுபோலத் தெரிந்தது. "சுகமா மக்களே?" என்று கேட்டு, ஒரு கிழங்கு கூடுதலாகப் போட்டுத் தந்தார். அன்று தன் பெயரைச் சொன்னது யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஹன்னோ கடைசியில் டீல்க்கை விட்டுவிடுகிறான். ஊருக்குள் எதிரி வந்தபோது டீல்க் ஓடாமல் நின்று சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு, அப்பாவைக் கொன்றவன் இவனில்லை என்கிறான். எனக்கு மன்னிப்புக் கிடைக்கவேண்டும் என்று இல்லை. பெயரைச் சொன்னது நான்தான் என்று மூத்தக்காவிடம் சொல்லவேண்டும். ஓணத்துக்கு நீ வரும்போது கருங்கலுக்கு, அவர் வீட்டுக்கு, என்னோடு வருவாயா? உள்ளே வரவேண்டாம், ரோட்டில் நின்றால் போதும்.

அன்புடன்,
உன் மக்கா