செயலாளரின் ஆண்டறிக்கை: பேராசிரியர் காவ் படிப்பு ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டுக் கூட்டங்கள் பிளாஸ்மா (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயு) இயற்பியலாளர் பேராசிரியர் பிரதிமன் கிருஷன் காவ் (1948–2017) அவர்களின் வாழ்வுக்கும் பணிக்கும் ஒதுக்கப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வாழ்க்கைக் குறிப்பை முதல் கூட்டத்திலேயே முடித்துவிட்டோம். ஸ்ரீநகரில் பிறப்பு, 1966-இல் டெல்லி ஐஐடியில் முனைவர் பட்டம், பிறகு பிரின்ஸ்டனில் இயற்பியலாளர் ஜான் டாசனுடன் ஆய்வு. 1971-இல் அகமதாபாத் வந்து, 1975-இல் மறுபடி பிரின்ஸ்டன் போய், 1982-இல் ஒரேயடியாகத் திரும்பினார். 1985-இல் பத்மஸ்ரீ, அடுத்த ஆண்டு பட்நாகர் விருது. அவரைப் பற்றி யார் எழுதினாலும் "18 வயதிலேயே டாக்டர் பட்டம்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் வயதை வியந்து முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடுகிறது, இயற்பியலுக்கு இடமில்லாமல் போகிறது. மீதிக் கூட்டங்களை அதற்காகவே வைத்துக்கொண்டோம்.

முதலில் 1970-இல் காவும் டாசனும் வெளியிட்ட கட்டுரை. பிளாஸ்மாவின் எலக்ட்ரான் அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் ஒளி உள்ளே போகாமல் திரும்பிவிடும். 1.06 மைக்ரான் லேசருக்கு அந்த வரம்பு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10²¹ எலக்ட்ரான். லேசர் மிக வலுவானதாக இருந்தால் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஆடும். சார்பியல்படி அவற்றின் நிறை கூடும். கனத்துப்போன எலக்ட்ரானால் ஒளியின் துடிப்புக்கு ஈடுகொடுத்து அதைத் தடுக்க முடியாது. திரும்பிப் போக வேண்டிய ஒளி உள்ளே நுழைந்துவிடும். இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁸ வாட் அளவில் செறிவு வேண்டும். லேசர்த் துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்கும் முறை 1985-இல் வந்த பிறகுதான் அந்தச் செறிவு ஆய்வகங்களுக்கு எட்டியது. "ஒளி அழுத்தி எலக்ட்ரான்களை ஒதுக்குவதால்தானே வழி கிடைக்கிறது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். அது வேறு வழிமுறை. ஒளிக்கற்றை இழை இழையாகப் பிரிவது பற்றி 1973-இல் காவ் மற்ற இருவருடன் எழுதிய கட்டுரை அதைப் பேசுகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

அடுத்து ஆதித்யா என்ற டோகமாக், அதாவது சூடான பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் கருவி. அதைக் கட்டிய நிறுவனம் 1982-இல் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1986-இல் காந்திநகரில் பிளாஸ்மா ஆய்வு நிறுவனமாக ஆனது. காவ் அதன் முதல் இயக்குநர். 1989-இல் ஆதித்யா டோகமாக் ஓடத் தொடங்கியது. பெரிய ஆரம் 75 செ.மீ., சிறிய ஆரம் 25 செ.மீ. டோகமாக் என்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர்தான். இரண்டாம் சுற்று கம்பி அல்ல, வளையமாக ஓடும் பிளாஸ்மா. முதல் சுற்றில் மின்னோட்டத்தை முடிவில்லாமல் மாற்றிக்கொண்டே போக முடியாதாகையால் ஆதித்யாவில் பிளாஸ்மா ஒரு நொடிகூட நிற்காது. தாமிரச் சுருள்களும் சூடேறிவிடும்.

அதைத் தாண்டத்தான் மீக்கடத்திச் சுருள்களோடு (மிகக் குளிரில் மின்தடையே இல்லாதவை) அதே நிறுவனத்தின் அடுத்த டோகமாக், எஸ்எஸ்டி-1. இதில் இடறுவது காந்தம் அல்ல, இணைப்புகள். 10,000 ஆம்பியர் ஓடும் சுருளில் ஓர் இணைப்பின் தடை ஒரு மைக்ரோ ஓம் என்றால் அங்கே 100 வாட் வெப்பம். 4.5 கெல்வினில் ஒரு வாட்டை வெளியேற்றவே வெளியில் சில நூறு வாட் செலவாகும். நானோ ஓம் இணைப்பானால் அதே இடத்தில் 0.1 வாட்தான். எஸ்எஸ்டி-1 முதல் பிளாஸ்மாவைக் கண்டது 2013-இல். தாமதம் என்று குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

செயல்முறைப் பிரிவு கட்டிய மின்னிறக்கக் குழாய் இந்த ஆண்டின் பெரிய வேலை. 40 செ.மீ. நீளப் போரோசிலிகேட் குழாய், அலுமினிய மூடிகள், ஓ-ரிங்குகள், இரட்டைநிலை ரோட்டரி பம்பு, ஊசி வால்வு, அழுத்தம் அளக்கும் பிரானி மானி, 0–1000 வோல்ட் நேர்மின் வழங்கி, தொடரில் 20 கிலோ ஓம் தடை. அந்தத் தடையை விட்டுவிட்டால் ஒளிர்வு சட்டென்று மின்வில்லாக மாறி மின்முனையை அரித்துவிடும். மின்முனைகளுக்கு இடையே 10 செ.மீ., காற்று 0.5 மில்லிபார் என்றால் 550 வோல்ட் வாக்கில் பற்றிக்கொள்ள வேண்டும். முதல் முயற்சியில் அழுத்தமே நிற்கவில்லை. பம்பு வால்வை மூடிவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்தோம். ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறி, வளைந்து, தணிந்தால் உட்சுவர் வாயுவைக் கக்குகிறது. வந்தது இரண்டாவது வகை: ஓ-ரிங்கில் கிரீஸ் அதிகம், கண்ணாடியில் விரல் ரேகை. ஆல்கஹாலால் துடைத்து, அரைமணி நேரம் ஒளிர்வை ஓடவிட்டதும் சரியானது. டோகமாக்கின் உட்சுவரையும் இப்படி ஒளிர்வு மின்னிறக்கம் ஓட்டித்தான் சுத்தம் செய்கிறார்கள்.

பிறகு பிளாஸ்மாவுக்குள் நீட்டி மின்னோட்டம் அளக்கும் லாங்மியூர் புரோப்: 0.3 மி.மீ. டங்ஸ்டன் கம்பி, பீங்கான் உறை, வெளியே 5 மி.மீ. மட்டும். வோல்ட்டை ஏற்றி மின்னோட்டத்தைக் குறித்து, அயனி மின்னோட்டத்தைக் கழித்து, மீதியின் மடக்கையை வரைந்தால் சரிவு எலக்ட்ரான் வெப்பநிலையைத் தரும். 2.5 வோல்ட்டுக்கு ஒருமுறை மின்னோட்டம் 2.72 மடங்கானால் 2.5 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 29,000 கெல்வின். கண்ணாடி உருகாததற்குக் காரணம், அவ்வளவு சூடான துகள்கள் உள்ளே மிகச் சொற்பம். அயனிப் பங்கைக் கழிக்க மறந்தால் சரிவு செங்குத்தாகி வெப்பநிலை குறைவாக வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் கம்பியில் அழுக்கு. -100 வோல்ட்டில் சில நிமிடம் வைத்தால் அயனி மோதலில் போய்விடும்.

இந்தச் சின்னக் கம்பியை வைத்துத்தான் ஆதித்யாவின் ஓரத்துப் பிளாஸ்மாவையும் அளந்தார்கள். அங்கே ஏற்ற இறக்கங்கள் சாதாரண மணிவளைவுக்குள் அடங்காமல் திடீர் வெடிப்புகளாக வருகின்றன என்று 1992-இல் வெளியான கட்டுரையில் காவும் ஓர் ஆசிரியர்.

தூசுப் பிளாஸ்மாவுக்கு ஒரு கூட்டம்தான் கிடைத்தது, போதவில்லை. மைக்ரான் அளவுத் தூசு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும். திரவம்போல் இருந்தும் திண்மம்போல் குறுக்கலைகளைத் தாங்கும். 1998-இல் காவும் அபிஜித் சென்னும் இதைக் கணித்தார்கள்; 2002-இல் அதே நிறுவனத்தின் சோதனையில் அந்த அலை தெரிந்தது.

வரும் ஆண்டுக்கு இரட்டைப் புரோப் செய்ய அனுமதி கோருகிறோம். கூடவே ஒரு விதி: மின் வழங்கியை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மிஞ்சிய மின்னை வெளியேற்றும் தடையும் தரையிணைப்புக் கோலும் இல்லாமல் யாரும் குழாயைத் தொடக்கூடாது, அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். இரண்டையும் அவை ஒப்புக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்