செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், செயலவையினருக்கும், வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயலவை ஆறு முறை கூடியது. பொங்கல் ஒன்றுகூடல், பத்துமலைத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தீபாவளி அன்பளிப்பு மூன்றும் வழக்கம்போல் நடந்தேறின. இரத்த தானம் மண்டபம் கிடைக்காமல் தள்ளிப்போனது.

அகதிகள் பதிவுக் குழுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களிலும் இங்கே மலேசியாவில் கிள்ளான் பள்ளத்தாக்கு அடுக்குமாடிகளிலும் வாழும் ஈழத் தமிழர்களின் கதைகளைப் பதிவு செய்து, முப்பதையாவது இணையத்தில் ஏற்றுவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். எடுத்தவை 34. ஏற்றியவை 7. மீதி எங்கே என்று வாட்ஸ்அப் குழுவில் பலர் கேட்டார்கள். கேட்டது நியாயம். பதில் இது.

பேசியவரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்குகிறோம். முதலாவது, பதிவு தொடங்கும் முன் அவர் வாயாலேயே ஒலிப்பதிவில். இரண்டாவது, வெட்டிச் சேர்த்த வடிவத்தை அவருக்கே போட்டுக் காட்டி, குறைந்தது 14 நாள் கழித்து. அழுது முடித்த கையோடு தரும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் முறை 11 பேர் சரி என்றார்கள். அவற்றில் 4 வழக்கறிஞர் பார்வையில் இருக்கின்றன. 5 பேர் வேண்டாம் என்றார்கள். அந்த ஐந்தையும் அழித்துவிட்டோம். மிச்சம் 18 இன்னும் எழுத்தில் வரவில்லை.

வெட்டுவது ஏன் என்பதற்கு ஒரு பதிவு போதும். பெயிண்ட் வேலைக்குப் போகும் ஒருவர், பேச்சோடு பேச்சாக, "நாலு நாள் முகாமுக்குத் திரும்பேல்லை" என்கிறார். 2021-இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறினாலும், ஆள் கணக்கெடுப்பு இன்றும் இருக்கிறது. கணக்கெடுப்பில் இல்லாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. நமக்கு அது ஒரு வரி, அவர்களுக்கு ஒரு மாத அரிசி. இன்னொரு பெண் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்ததாகச் சொல்கிறார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் அகதிகளானாலும், சட்டப்படி பிறப்பால் குடிமகள். அந்த ஆண்டைத் தவறாக ஏற்றினால் அவர் வழக்கே கெடும். வழக்கறிஞர் பார்க்காமல் அது போகாது.

இங்கே வேறு பயம். மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு; ஐநா அகதிகள் அட்டை வைத்திருந்தாலும் வேலை செய்யச் சட்ட உரிமை கிடையாது. எனவே எந்தக் கடையில் வேலை என்று தெரியும் எதுவும் கேமராவில் வரக் கூடாது. சுவரில் தொங்கும் படங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று, சொஸ்மா என்னும் பாதுகாப்புச் சட்டத்தில் பன்னிரண்டு பேர் கைதாகி, மறு பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டதை நாம் மறக்கவில்லை. கைபேசியில் இருந்த படங்கள்கூட அங்கே பேசுபொருளாயின.

அடுத்த முறை தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முகாமுக்குள் செல்ல முன்அனுமதி வேண்டும். இம்முறை அது வர ஏழு வாரம் ஆனது. சுற்றுலா விசாவில் செய்தி வேலை செய்யக் கூடாது என்பதால் ஒலிவாங்கியைப் பிடித்தவர்கள் தமிழ்நாட்டு நண்பர்களே. நம்மவர் பணி கேள்வித்தாளும், பேச்சை எழுத்தாக்குவதும். தகரக் கூரை வீட்டில் மழை பெய்தால் பதிவை நிறுத்துங்கள், மென்பொருளால் அந்த இரைச்சலை முழுக்கப் பிரிப்பது கடினம். மின்விசிறியை அணைத்தால் இருபது நிமிடத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. ஆகவே இருபது நிமிடத் துண்டுகளாக எடுங்கள். சட்டையில் குத்தும் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், தாலிக்கொடியோ சங்கிலியோ உரசாத பக்கம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றை ஒலித்தடம் என்றால் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 518 எம்பி வரும். கைபேசிப் படத்தில் எடுத்த இடம் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். குரலை மெஷினில் தடிமனாக்குவது பாதுகாப்பல்ல, அதைத் திருப்பி மாற்றிவிடலாம். பயப்படுகிறவரின் சொற்களை வேறொருவர் வாசிப்பதே சரி.

இவ்வளவு சொன்ன பிறகும், நம்முடன் வந்த உறுப்பினர் ஒருவர் பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளைகளின் முகங்களை, வேன் முகாமைத் தாண்டுமுன்பே ஃபேஸ்புக்கில் போட்டார். சீருடையைப் பார்த்தாலே பள்ளி தெரியும், பள்ளி தெரிந்தால் முகாம் தெரியும். மூன்று மணி நேரத்தில் எடுக்க வைத்தோம். அதற்குள் எத்தனை குழுக்களுக்குப் போனதோ, அதைத் திரும்பப் பெற வழியில்லை. இனிப் பயணத்தில் சொந்தக் கைபேசிகள் பையில் இருக்கும்.

பேச்சை எழுத்தாக்குவதில்தான் உண்மையான தேக்கம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏழு மணி நேரம் பிடிக்கிறது. தானியங்கி வசன வரிகள் உதவவில்லை. 'பேந்து' என்று யாழ்ப்பாணத்துப் பாட்டி சொன்னதை 'பேருந்து' என்று எழுதியது. பேந்து என்றால் பிறகு. "பேந்து வந்தவை" என்ற இடத்தில் இல்லாத பேருந்து ஒன்று வந்து நின்றது. காதால் கேட்டு எழுத ஆள்தான் வேண்டும். சனிக்கிழமை எழுத்துப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். தொடர்ந்து வந்தவர்கள் நால்வர். வேலை, குடும்பம், போக்குவரத்து நெரிசல் எல்லாம் அந்த நால்வருக்கும் உண்டு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விமானச் சீட்டு சங்கப் பணம் என்று ஒரு பேச்சு உலவுவதால் இங்கே சொல்லி வைக்கிறேன்: போனவர்கள் தங்கள் செலவில் போனார்கள். சங்கம் வாங்கியது ஓர் ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு ஹார்ட் டிஸ்க். ஆண்டுச் சந்தா 50 ரிங்கிட். 112 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 49. மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்; பெயர் வாசிக்கும் உத்தேசம் இல்லை. இக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும்.

மண்டபம் தந்தவர்களுக்கும், இலவசமாக வழக்குக் குறிப்புகளைப் பார்க்கும் வழக்கறிஞருக்கும், தமிழ்நாட்டு நண்பர்களுக்கும், அந்த நால்வருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் புதிய பயணம் வேண்டாம் என்பது என் கருத்து. கையில் இருக்கும் 18 பதிவுகளை முடிக்காமல் பத்தொன்பதாவது ஆளைப் பேசச் சொல்வது முறையல்ல. அவற்றில் ஒன்று 81 வயதுப் பாட்டியுடையது. இரண்டாம் சம்மதம் அவரிடம்தான் கேட்க வேண்டும். மகனிடம் கேட்க முடியாது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குச் சங்க அறை திறந்திருக்கும். ஹெட்போன் ஆறு இருக்கிறது, நாலுக்குத்தான் ஆள்.

பணிவன்புடன்,
செயலாளர்