பாப்பாவுக்கு, அந்த கிரான்பெரி போட்டோ விஷயமா

பாப்பா, நல்லா இருக்கியா. நீ நியூ ஜெர்சியில ஒயிட்ஸ்பாக் கிரான்பெரி தோட்டம் போயிட்டு அனுப்பின போட்டோ எல்லாம் பாத்தேன், தண்ணி மேல பழம் செக்கச்செவேல்னு மிதக்கறது குங்குமத்தை கொட்டின மாதிரி இருந்துச்சு. ஆனா கூடவே அதே தோட்டத்துல ஒரு சின்ன புள்ள பழம் சுமக்கற பழைய கருப்பு வெள்ளை போட்டோவையும் அனுப்பி "இந்த அப்பா அம்மாவுக்கெல்லாம் மனசே கிடையாதா"ன்னு கேட்ட பாரு, அது ரெண்டு நாளா உறுத்திட்டே இருக்கு. போன்ல பேசினா சண்டையாயிரும், அதான் டைப் பண்றேன்.

அந்த போட்டோவை எடுத்தது லூயிஸ் ஹைன், வேலைக்கு போற புள்ளைங்களை ஊர் ஊரா படம் புடிச்சவர். உங்கண்ணனை விட்டு அவர் எடுத்த மத்த போட்டோவையும் தேடி எடுக்க சொன்னேன். வாத்தியாரா இருந்த மனுஷன், கேமராவை தூக்கிட்டு அலைஞ்சிருக்கார், ஒவ்வொரு படத்துக்கும் கீழ வயசு, வேலை எல்லாம் எழுதி வச்சிருக்கார். நீ அனுப்பினது 1910 செப்டம்பர் 28. பத்து வயசு புள்ள, மூணு சீசனா வருது, கைக்குழந்தையையும் பாத்துக்குது பழமும் சுமக்குது, நடைக்கு ரெண்டு பெக், பெக்ங்கறது அவங்க ஊர் படி மாதிரி ஒரு அளவு, ரெண்டும் சேத்து 17 லிட்டர் கொள்ளும், நம்ம தண்ணிக்குடத்தை நினைச்சுக்கோ. ஸ்கூல் தொறந்து நாலாவது வாரம், வேலைக்கு வந்தவங்க இன்னும் ரெண்டு வாரம் இங்கதான் இருப்பாங்கன்னும் எழுதிருக்கு.

பிலடெல்பியாவுல இருந்து வந்த இத்தாலிக்காரங்க குடும்பங்க. ஆள் சேத்து கூட்டிட்டு வர்றவனுக்கு பத்ரோனேன்னு பேரு, நம்ம கங்காணிதான் வேற யாரு. இப்ப மாதிரி தண்ணி கட்டி மிதக்க விடறது அப்ப கிடையாது, மண்டி போட்டு கையாலயும் ஸ்கூப்பாலயும் அள்ளணும், அள்ளின அளவுக்குத்தான் காசு. குடும்பத்தோட கிளம்பி வந்தவ புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வருவா சொல்லு. பால்டிமோர்ல இருந்த போலந்துக்காரங்க கதையும் இதேதான், கோடையில பெர்ரி தோட்டம், குளிர் வந்தா தெற்க மிசிசிப்பி கடற்கரையில பிலாக்ஸி பக்கம் போயி விடியக்காலம் மூணு நாலு மணிக்கே சிப்பி உடைக்கறது. கொலராடோவுல சர்க்கரை எடுக்கற பீட் கிழங்கு வயல்ல புள்ளைங்க கையில நுனியில கொக்கி வச்ச கத்தி, கிழங்கை அதுல குத்தி தூக்கி முழங்கால் மேல வச்சு தலைய வெட்டணும், கொக்கி தப்பினா கால்லதான் இறங்கும்.

கோவப்படணும்னா சட்டம் போட்டவங்க மேல கோவப்படு. 1916ல அமெரிக்காவுல புள்ளைங்களை வேலைக்கு வைக்கறதை தடுக்க ஒரு சட்டம் வந்துச்சு, மில்லு சுரங்கம் ஃபேக்டரிக்கு மட்டும், வயலை தொடவே இல்ல, அதையும் 1918ல சுப்ரீம் கோர்ட் அஞ்சுக்கு நாலுன்னு தள்ளிருச்சு. 1938 சட்டத்துலயும் ஸ்கூல் நேரம் போக மத்த நேரம்னா விவசாயத்துக்கு விலக்கு. இன்னிக்கும் அப்பா அம்மா சரின்னா உங்க ஊர்ல 12 வயசு புள்ள தோட்ட வேலைக்கு போலாமாம், வாஷிங்டன்ல யாரும் அலட்டிக்கற மாதிரி தெரியல.

உன்கிட்ட சொன்னதில்ல, நான் நாலாப்பு படிக்கும்போது பருத்தி வெடிச்சுட்டா உங்க ஆச்சி என்னை ஸ்கூலுக்கு விடமாட்டா. மாமா தொட்டில்ல தூங்கற நேரம் நானும் மடி கட்டிட்டு எடுப்பேன். எடை போடும்போது என் மடியையும் ஆச்சி மூட்டையிலதான் கொட்டுவாங்க, எனக்குன்னு தனி கணக்கு கிடையாது. ராத்திரி அவதான் என் விரலுக்கு விளக்கெண்ண தடவுவா. மனசு இல்லாதவளா ஏட்டி அவ?

கிரான்பெரி சாஸ் எல்லாம் அனுப்பாத, எனக்கு புளிப்பு ஆகாது. அந்த போட்டோவை மட்டும் பெரிசா அனுப்பு, ஜூம் பண்ணா அந்த புள்ள கை கலங்கலாயிருது.