ஒரு விளக்கைச் சுற்றி இருந்த நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியதைக் என் கடை வாங்குப் பலகையில் இருந்தபடி இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் சபைகளில் இளம் பிள்ளைகளின் விசுவாசம் ஆறிப்போகிறது, பெரிய எழுப்புதல் கூட்டங்களை அடிக்கடி வைத்தால்தான் திரும்ப மூளும் என்று எழுதியிருந்தார். அவருடைய கவலைதான் என்னுடையதும். மருந்து விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு எண்ணம்.

நான் மானிப்பாயில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். வயது 64. தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ஒன்றில் ஞானஸ்நானம் பெற்று அங்கேயே கலியாணமும் முடித்தவன். அவர் சொல்லும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். முன்னுக்குப் போய் முழந்தாளில் நின்று அழுதிருக்கிறேன். அந்த அழுகையை இன்றைக்கும் நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் மூன்று நாள் கூட்டம் முடிந்த பிறகு, நாலாம் நாள் விடிய எழும்பி என்ன செய்வது என்று அங்கே எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் என் அம்மா.

ஓட்டையே இல்லாத ரியூப்பிலிருந்தும் காற்று இறங்கும். ரப்பர் வழியாக மெல்ல மெல்லக் கசியும். அப்படிச் சைக்கிளைக் கொண்டு வருபவர்கள், "நேற்றும் ஓடினனான் அண்ணை, ஆரோ காத்தைத் திறந்து விட்டிருக்கினம்" என்பார்கள். ரியூப்பைத் தண்ணிச் சட்டியில் அமுக்கிப் பார்த்தால் ஒரு குமிழிகூட வராது. மாதக்கணக்காகப் பம்ப் அடிக்கவில்லை, அவ்வளவுதான். என் விசுவாசத்துக்கும் இதுதான் நடந்தது.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு 29 வயது. அம்மா எங்களோடு இருந்தார். மண்ணெண்ணெய் விற்ற விலை அந்தக் காலத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சமாய் எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, திரி சரியாமல் நிற்கப் பழைய சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்துத் தாங்கி செய்து கொடுத்தேன். முழு வீட்டுக்கும் அந்த ஒரு விளக்குத்தான். பொழுது பட்டதும் எல்லோரும் அதைச் சுற்றி இருந்தோம், வேறு இடத்தில் இருக்க வெளிச்சம் இல்லை. பக்கத்து வளவில் சைவ அம்மா விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிய, எங்கள் வீட்டில் ஜெபம் தொடங்கும்.

அம்மா ஒரு சங்கீதத்தை வாசிப்பார். வாசித்து முடிந்ததும் எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை ஊதி நூர்த்து விடுவார். பிறகு இருட்டுக்குள் அதே சங்கீதத்தை நாங்கள் ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். விட்ட இடத்தில் அம்மாவின் குரல் வந்து எடுத்துக் கொடுக்கும். அடுத்த நாளும் அதுவே, எல்லோருக்கும் பாடமாகும் வரைக்கும். என் மகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வருமுன்னமே 121ஆம் சங்கீதம் வந்தது. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." பர்வதம் என்றால் என்ன என்று கேட்டாள். மலை என்றேன். யாழ்ப்பாணத்தில் எங்கே மலை, அவளுக்குக் காட்ட? "கீரிமலையோ அப்பா?" என்று கேட்டாள். பெயரில்தான் மலை, அது கடற்கரை.

இன்னொரு பழக்கமும் அம்மாவுக்கு இருந்தது. சமைப்பதற்கு அரிசியை அளந்து சுளகில் கொட்டியதும், கழுவுவதற்கு முன் ஒரு பிடி எடுத்துக் குசினி மூலையில் இருந்த முட்டிக்குள் போடுவார். பிடியரிசி என்று சொல்வோம், எங்கள் பழைய சபைக் குடும்பங்களுக்குத் தெரியும். மாத முடிவில் அது ஆலயத்துக்குப் போகும். அங்கிருந்து இல்லாத வீட்டுக்குப் போகும். பொருளாதாரத் தடை இறுகிய காலத்தில் எங்கள் வீட்டிலேயே அரிசி போதாமல் போனது. ஒருநாள் நான் குசினி வாசலில் நின்று பார்க்கிறேன், அம்மாவின் கை வழக்கம்போல அரிசிக்குள் போனது, விரல்கள் மூடின, பிறகு கொஞ்சம் விரிந்து பாதியைச் சுளகிலேயே விட்டன. இன்னும் கொஞ்சம் விட்டன. மூன்று விரலுக்குள் நின்றதை முட்டிக்குள் போட்டார். "இனி நிப்பாட்டுங்கோவன் அம்மா, கடவுள் கோபிக்கமாட்டார்" என்றேன். "கை பழகினது தம்பி. நிப்பாட்டினா திரும்பப் பழகாது" என்றார். பசி நேரத்தில் மூன்று விரல் அரிசி என்றாலும் எங்களை விட இல்லாதவர்களை அன்றைக்கு ஒரு தரம் நினைத்தாயிற்று. ஜெபத்தை விட அந்தக் கையிடம் நான் கூடப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்குப் புறப்பட்டதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வீதியில் நின்ற இடத்தில் நின்றோம். மழை. சைக்கிளின் பின்னுக்கு அரிசி மூட்டை, முன்னுக்கு மகள். என் காலுக்கு முன்னால் இருப்பது ஆளா மூட்டையா என்று தெரியாது. விளக்கும் இல்லை, வேதப்புத்தகத்தை எடுக்கவும் முடியாது. அம்மா என் தோளைப் பிடித்தபடி 121ஐத் தொடங்கினார். "உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்." மகளும் சொன்னாள். ஐந்து வருடம் இருட்டில் பழகினதால் அந்த இருட்டிலும் சொல்ல முடிந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு கத்தோலிக்கக் குடும்பம் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தது. அவர்களுக்கும் அது புதிதாகத் தொடங்கியது இல்லை, குரலிலேயே தெரிந்தது.

1996இல் திரும்பி வந்தோம். அடுத்த வருடம் அம்மா காலமானார். கொஞ்சக் காலம் நான் தொடர்ந்தேன். பிறகு மின்சாரம் வந்தது. 2002இல் யுத்த நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் சாமான்கள் வந்தன. ரீவி வாங்கினோம். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு லைட். மகள் ஓர் அறையில் படித்தாள், மனைவி குசினியில் நின்றா, நான் ரீவிக்கு முன்னால் இருந்தேன். எவரும் ஜெபத்தை நிறுத்துவோம் என்று முடிவெடுக்கவில்லை. இன்றைக்கு நேரம் போய்விட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் ஒவ்வொரு நாளும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு ஒழுங்காகப் போனேன், காணிக்கை போட்டேன், சபைக் கூட்டங்களில் பேசினேன். வெளியில் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரிந்திராது. எனக்கே தெரியவில்லை.

2006 கடைசியில் தெரிந்தது. பாதை திரும்பப் பூட்டிய காலம், இரவில் ஊரடங்கு. மனைவிக்கு வயிற்றில் அவசரமாகச் சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரி வாங்கில் தனிய இருந்து ஜெபிக்க வாயெடுத்தேன். "ஆண்டவரே" என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பல வருடம் கதைக்காமல் விட்ட சொந்தக்காரரின் படலையில் நிற்பதுபோல இருந்தது. வெகுநேரம் கழித்து, நான் தேடாமலே, "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. எட்டு வசனமும் வந்தன. முடிய முடியத் திரும்பச் சொன்னேன். அம்மா ஜாம் போத்தல் விளக்கை ஊதி நூர்த்துப் படிப்பித்ததுதான் அந்த இரவு என்னிடம் மிச்சம் இருந்தது. மனைவி பிழைத்தா. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று எடுக்க வேண்டாம். பிழைக்காமல் விட்டிருந்தாலும் எனக்கு அந்தச் சங்கீதம் வேண்டியிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பெரிதாகத் தொடங்கிப் பிழை விட்டேன். வேதாகமத்தில் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிறில் ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடியும் என்று கணக்குப் போட்டு ஆதியாகமத்தில் தொடங்கினேன். லேவியராகமத்தில் நின்றது. அடுத்த வருடமும் அங்கேயே நின்றது. பிறகு எங்கள் போதகர் சொன்னார், மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தானே, நாளுக்கு ஒன்று வாசி, முடிந்தால் திரும்பவும் மாற்கு வாசி என்று. அது பிடித்தது. முதலாம் அதிகாரத்திலேயே இயேசு இருட்டோடு எழும்பித் தனி இடத்துக்குப் போய் ஜெபம் பண்ணினார் என்று வருகிறது. முதல் நாள் பொழுதுபட்ட பிறகும் ஊர் முழுக்க வாசலில் நிற்க, நோயாளிகளைச் சுகப்படுத்தின மனிதர். அவருக்கே அது தேவைப்பட்டது. இப்போது காலையில் கடைப் பலகை கழற்ற முன் ஓர் அதிகாரம், இரவில் ஒரு சங்கீதம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் அன்றைய திகதிக்கு உரியதை மத்தியானத்தில் பார்ப்பேன், வேலை கூடின நாளில் விட்டுப்போகும். காலையையும் இரவையும் விடுவதில்லை. காய்ச்சல் என்றாலும் இரண்டு வசனமாவது. அம்மாவின் மூன்று விரல் கணக்கு.

மேசை இலாச்சியில் ஓர் அப்பியாசக் கொப்பி இருக்கிறது. கடைக்கு வருபவர்கள் திருத்தி முடியும் வரைக்கும் வாங்கில் இருந்து கதைப்பார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் சோதனை, இன்னொருவருக்கு வங்கிக் கடன், வேறொருவருக்கு விசா. அவர்கள் போனதும் பெயரை எழுதி வைப்பேன், அடுத்த நாள் காலையில் பெயர் சொல்லி ஜெபிப்பேன். அதற்கு முதல் என் ஜெபம் முழுக்க நானும் என் வீடும்தான். கொப்பி வந்த பிறகு அது படலைக்கு வெளியே போயிற்று. அதில் ஒரு பெயர் முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறது, கொப்பி முடிய முடியப் புதுக் கொப்பியிலும் முதலில் அதைத்தான் எழுதுவேன். எங்கள் ஒழுங்கைப் பிள்ளை, 1996இல் கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை. தாய் சைவக்காரி. 2025இல் செம்மணிப் புதைகுழியில் எலும்புகள் எடுக்கத் தொடங்கிய செய்தி வந்த அன்று கடைக்கு வந்தா. சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை. "தம்பி, இன்னும் எழுதுறியளோ?" என்று மட்டும் கேட்டா. கொப்பியைத் திறந்து காட்டினேன். விரலால் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனா. இதற்கு என்ன பதில் வந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் எழுதுவதை நிறுத்தப் போவதில்லை.

இரவுச் சங்கீதத்துக்குப் பிறகு விளக்கை நூர்த்துவிட்டு அன்றைய நாளைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்பேன். இதுவும் அம்மாவின் இருட்டு நேரத்திலிருந்து வந்ததுதான். ஒருநாள் ஒரு பெடியன் காற்றுப் போன ரயரோடு வந்தான். ஒட்டுப் போட்டிருந்தால் போதும். அவசரத்தில் புது ரியூப் மாற்றிக் காசு வாங்கிவிட்டேன். பகல் முழுக்க அது எனக்கு உறுத்தவில்லை. இரவில் இருட்டில் வந்து நின்றது. அடுத்த நாள் காலை மிச்சக் காசோடு அந்த வீட்டுக்குப் போனேன். அவனுடைய தகப்பன், "இதுக்கோ விடியக்காலமை வந்தனியள்?" என்று கேட்டார். நல்ல பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறேன், ஒன்றும் என்னை அந்தப் படலை வரைக்கும் கொண்டு போனதில்லை.

சரி, இளம் பிள்ளைகளுக்கு வருவோம். அவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று நான் நம்பவில்லை. ஒரே விளக்கைச் சுற்றி இருக்கும் நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் நாலு பேர் என்றால் நாலு போன், நாலு வெளிச்சம். பிள்ளையின் போனைப் பறித்துவிட்டுத் தகப்பன் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் இரவு 7 மணிக்கு எல்லாப் போனும் அம்மாவின் பழைய சுளகுக்குள் போகும், என்னுடையது முதலில். 15 நிமிடம், கூடினால் 20. ஒரு லைட். பழைய மொழிபெயர்ப்பு விளங்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னால் இலகு தமிழில் வந்திருப்பதை வாசிக்கட்டும், பாடமாக்குவதற்கு மட்டும் பழையதை வைத்துக்கொள்ளலாம், அதன் ஓசை மனதில் நிற்கும். வேத வசனத்துக்கு நல்ல தமிழ் தேடி உழைத்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது ஆறுமுக நாவலர் அவரோடு இருந்து உதவினார்.

கனடாவில் இருக்கும் என் பேரன் தமிழ் வாசிக்க மாட்டான். ஞாயிறுகளில் போனில் வந்து, மகள் சொல்லிக் கொடுத்தபடி 121ஐச் சொல்கிறான். போன கிழமை நாலாம் வசனத்தில் நின்றான். இங்கிருந்து நான் எடுத்துக் கொடுக்க முன் மகளின் குரல் எடுத்துக் கொடுத்தது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் தினமும் பஞ்சாங்கக் குறிப்பும் நல்ல நேரமும் ராசிபலனும் வருகின்றன. சைவ வீடுகளில் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாளைத் தொடங்குகிறார்கள். அதற்குக் கீழே ஒரேயொரு வரி, கிறிஸ்தவ வீடுகளுக்கு அன்றைய வாசிப்பு இன்ன அதிகாரம் என்று மட்டும், போட முடியுமா? விளக்கமோ பிரசங்கமோ தேவையில்லை, இடமும் பிடிக்காது. மாற்கில் தொடங்கிச் சங்கீதங்களோடு ஒரு வருடத்துக்கான அட்டவணை என் கொப்பியில் இருக்கிறது. லேவியராகமத்தைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். கேட்டால் நல்ல தாளில் பிரதி எழுதி அலுவலகத்துக்கே கொண்டு வந்து தருவேன். கடைக்கு ஞாயிறும் திங்கள் பின்னேரமும் பூட்டு.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
மானிப்பாய்.