விலைவாசியும் புரட்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலைவாசி இப்படியே ஏறினால் எந்த நாட்டிலும் புரட்சி வெடித்தே தீரும், வெடித்தால் எல்லாம் மாறிவிடும் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானது, கணக்குத்தான் உதைக்கிறது. பசி மட்டும் போதுமென்றால், ஜப்பான்காரன் காலத்தில் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பட்டினியிலும் காலராவிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதே அது வெடித்திருக்க வேண்டும்.

ரஷ்யத் தலைநகரில் 1905 ஜனவரியில் மனுக் கொடுக்க வந்த தொழிலாளர்களைச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஜார் மன்னர் தப்பினார். 1917 மார்ச்சில், ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்த பெண்கள் அதே நகரின் தெருக்களில் இறங்கியபோதும் முதலில் துப்பாக்கி பேசத்தான் செய்தது. ஆனால் 12-ஆம் தேதி காலை வொலின்ஸ்கி படைப்பிரிவினர் சுட மறுத்து, தங்கள் அதிகாரியையே கொன்றுவிட்டு மக்களோடு சேர்ந்துகொள்ள, மூன்றே நாளில் ஜார் முடி துறந்தார். பிரான்சிலும் 1789-இல் ரொட்டி விலை ஏறியது உண்மை. எனினும் அதற்கு முன்பே அரசு வருமானத்தில் ஏறக்குறைய பாதி கடனுக்கே போய்க்கொண்டிருந்தது. பிரபுக்கள் வரிச்சுமையை ஏற்க மறுத்ததால்தான், 1614-க்குப் பிறகு கூடாத பிரதிநிதிகள் சபையை மன்னரே கூட்ட வேண்டியதாயிற்று. பாஸ்டில் கோட்டையைத் தாக்கிய கூட்டத்தில் மன்னரின் காவல்படையினரும் பீரங்கியோடு நின்றார்கள். ஆக, பசியோடு படையும் மன்னரைக் கைவிட்டால்தான் ஆட்சி விழுகிறது.

விளைவுகளையும் வாசகர் எளிதாக எண்ணிவிட்டார். ஜாரின் உளவுத்துறை ஒழிந்த அதே ஆண்டு டிசம்பரில் புதிய ஆட்சியின் ரகசியப் போலீஸான செக்கா பிறந்துவிட்டது. பிரான்சில் மன்னர் தலை வீழ்ந்து பதினொரு ஆண்டுகளில், 1804-இல், நெப்போலியன் பேரரசராக முடிசூடிக்கொண்டார். ஆனாலும் பிரபுக்கள் குடியானவர்களிடம் வாங்கிவந்த பழைய நிலப்பிரபுத்துவ வரிகள், பின்னாளில் மன்னர் பரம்பரை திரும்பி வந்தபோதுகூடத் திரும்பி வரவில்லை. புரட்சி என்ற சொல்லை அத்தகைய மாற்றத்துக்கே ஒதுக்கி வைக்கலாம் என்பது என் கருத்து. (தள்ளுபடி விற்பனைக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டும் விளம்பரங்களை என்ன சொல்வது!)

2022 ஜூலை 10 காலை, ஜார்ஜ்டவுன் லெபு பாசாரில் பசியாறிக்கொண்டிருந்த என்னிடம் அந்தக் கடையில் வேலை செய்த யாழ்ப்பாணத்துத் தம்பி கைப்பேசியை நீட்டினார். நெருக்கடியால் கொதித்த மக்கள் கைப்பற்றியிருந்த கொழும்பு அதிபர் மாளிகை நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். “புரட்சி, ஐயா” என்றார். பத்து நாள் கழித்து, பதவி விலகிய அதிபரின் இடத்தில், இலங்கையின் அதே பழைய நாடாளுமன்றம் பிரதமராக இருந்தவரையே 134 வாக்குகளால் அதிபராக்கியது. ஆனால் அன்று நான் அந்தத் தம்பியோடு வாதாடவில்லை. ஊரில் வீட்டார் சமையல் வாயுவுக்கு எத்தனை நாள் வரிசையில் நின்றார்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்று நாள் என்றார்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு